ஐ-40 நெடுஞ்சாலை ஓரத்து மலிவு மோட்டல்கள்: பார்ஸ்டோ முதல் அமரில்லோ வரை

முதல் நாள்: லாஸ் ஏஞ்சலஸ் – பார்ஸ்டோ, 115 மைல்

நவம்பர் கடைசி வாரம். மதியம் கிளம்பி கஹோன் கணவாய் தாண்டி பார்ஸ்டோவுக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருக்கும். மலிவு மோட்டலுக்குப் போய்ச் சேர அந்திதான் சரியான நேரம். சுவரின் லட்சணமும் கண்ணுக்குத் தெரியும், எந்த விளக்கு எரிகிறது, எது செத்துக் கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடும். இரவு பத்து மணிக்குப் போனால் அந்தக் கவுண்டரில் கொடுப்பதுதான் அறை.

பார்ஸ்டோ ஒரு ரயில் ஊர். ஐ-15 லாஸ் வேகஸ் பக்கம் போக, ஐ-40 இங்கேதான் பிறக்கிறது. 'வில்மிங்டன், வட கரோலினா 2,554 மைல்' என்று தொடக்கத்தில் ஒரு பலகை இருந்தது. ஆட்கள் அடிக்கடி கழற்றிக்கொண்டு போகவே, கடைசியில் மாற்றிவைப்பதையே விட்டுவிட்டார்கள். ஊரின் மெயின் ஸ்ட்ரீட்தான் ரூட் 66 என்ற பழைய நெடுஞ்சாலை. 50, 60 டாலர் மோட்டல்கள் அதன் ஓரத்தில் இருக்கின்றன. வரி சேர்ந்தால் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும்.

மோட்டலின் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: அறைக் கதவு நேராகக் கார் நிறுத்துமிடத்தில் திறக்கிறது. இந்த வகையில் முதலாவது என்று சொல்லப்படுவதை ஆர்தர் ஹைன்மன் என்ற கட்டடக் கலைஞர் 1925-ல் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் கட்டினார். அன்று இரவுக்கு 1.25 டாலர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் தேட வேண்டாம். ஆனால் கவுண்டரைத் தாண்டாமலேயே யார் வேண்டுமானாலும் உங்கள் கதவு முன்னால் வந்து நிற்கலாம். ஆகவே பாதுகாப்பு என்பது இரண்டே இடத்தில் இருக்கிறது: கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரிடம், அப்புறம் உங்கள் கதவில்.

கவுண்டரின் பங்கு எவ்வளவு என்பதற்கு சான் டியேகோவுக்குத் தெற்கே சூலா விஸ்டா ஊர் நல்ல சான்று. ஒவ்வொரு மோட்டலிலிருந்தும் ஒரு அறைக்கு வருடத்தில் எத்தனை போலீஸ் அழைப்பு வருகிறது என்று கணக்கெடுத்தார்கள். பக்கத்துப் பக்கத்து மோட்டல்களுக்குள்ளேயே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காரணம் நிர்வாகம். அடையாள அட்டை பார்க்காமல் ரொக்கம் வாங்கி அறை கொடுத்த இடங்களில்தான் அழைப்புகள் குவிந்தன. 2006-ல் அந்த ஊர் அனுமதிச் சட்டம் கொண்டுவந்து, அழைப்பு எண்ணிக்கையையும் பூட்டுகளின் தரத்தையும் உரிமத்தோடு கட்டிப்போட்டது.

இதை மனதில் வைத்துக்கொண்டு, காரை விட்டு இறங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் ஓரமாக நிறுத்திப் பாருங்கள். குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால் ரிசப்ஷனிஸ்ட் உட்கார்ந்திருந்தால் பலர் மிரள்கிறார்கள். அது இரவில் தனியாக வேலை பார்ப்பவருக்கான காப்பு. பிளந்த கார்பெட், துருப்பிடித்த படிக்கட்டுக் கைப்பிடி, வாரக் கணக்கில் தங்கும் குடும்பங்கள் பால்கனியில் சமைக்கும் வாசனை, இதெல்லாம் கண்ணைத்தான் உறுத்தும். ஆளை ஒன்றும் செய்யாது. ஜன்னலுக்குப் பதிலாகப் பலகை அடித்த அறைகள், காற்று இறங்கிய டயரோடு நிற்கும் கார்கள், ஒரே அறைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் வந்து போவது, இவைதான் திரும்பிப் போகச் சொல்லும் அடையாளங்கள். போட்டோ ஐடி கேட்காமல் சாவியை நீட்டினாலும் அப்படித்தான். உள்ளூர் முகவரி உள்ளவருக்கு அறை இல்லை என்று எழுதி ஒட்டியிருந்தால் முகம் சுளிக்காதீர்கள். கட்டிடத்துக்குள்ளேயே கள்ள வியாபாரம் நடப்பதைத் தடுக்கத்தான் அந்த விதி.

மாணவர்களுக்கு ஒன்று. பல மோட்டல்களில் 21 வயது ஆகாதவர்களுக்கு அறை தருவதில்லை. இணையத்தில் முன்பதிவு ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தாலும் கவுண்டரில் மறுப்பார்கள். போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்பினால் பாலைவனத்தில் நள்ளிரவு நிற்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாள்: பார்ஸ்டோ – கிங்மன், சுமார் 205 மைல்

மொஹாவி பாலைவனம் முழுக்க இன்று. வழியில் நீடில்ஸ் ஊரில் பெட்ரோல் விலை மிக அதிகம். கொலராடோ ஆற்றைத் தாண்டி அரிசோனாவுக்குள் போகும் அளவுக்கு மட்டும் போட்டுக்கொண்டால் போதும். குளிர்காலத்தில் ஆற்றைத் தாண்டியதும் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் போய்விடும். கோடையில் இரண்டு மாநிலங்களிலும் ஒரே நேரம், ஏனென்றால் அரிசோனா கடிகாரத்தைத் திருப்புவதில்லை.

கிங்மனில் ரூட் 66-க்கு ஆண்டி டிவைன் அவென்யூ என்று பெயர். தண்டவாளம் சாலையை ஒட்டியே ஓடுகிறது. சரக்கு ரயில்கள் இரவெல்லாம் போகும். அதனால் எல்லோரும் பின்பக்கத்து அமைதியான அறையைக் கேட்கிறார்கள். கேட்காதீர்கள். பின்பக்கம் கவுண்டரிலிருந்து தெரியாது, சாலையிலிருந்தும் தெரியாது. கார் கண்ணாடி உடைவது பெரும்பாலும் அங்கேதான். முன்பக்கம், மாடி, படிக்கட்டிலிருந்து இரண்டு மூன்று கதவு தள்ளி, கீழே பார்த்தால் உங்கள் கார் தெரிகிற அறை: இப்படிச் சொல்லியே கேட்கலாம். தரைத்தளத்தில் ஜன்னலும் கார் நிறுத்துமிடமும் ஒரே மட்டம். மாடி என்றால் ஜன்னல் வழியாக வருவது கஷ்டம். தீப்பிடித்தாலும் ஒரு மாடிதானே, இறங்கிவிடலாம். அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால் வேறு அறை கேளுங்கள். நல்ல ரிசப்ஷனிஸ்ட் உறையில் எழுதித்தான் கொடுப்பார்.

பெட்டிகளை இறக்க வேண்டாம். முதலில் ஒருவர் மட்டும் போய், கதவைத் திறந்தபடி வைத்துக்கொண்டு குளியலறைத் திரைக்குப் பின்னாலும் அலமாரியிலும் பார்த்துவிட்டு, கதவைச் சோதிக்க வேண்டும். 'பிடிக்கவில்லை என்றால் 15 நிமிடத்துக்குள் பணம் திருப்பி' என்று பல கவுண்டர்களில் எழுதியிருக்கும். சிலதில் 10 நிமிடம். அந்த நேரத்துக்குள் செய்ய வேண்டிய வேலை இது. இணையதளம் வழியாகப் பணம் கட்டியிருந்தால் மோட்டல்காரர் கையை விரிப்பார், அந்த இணையதளத்தைத்தான் பிடிக்க வேண்டும். ஊர் பேர் தெரியாத மோட்டலுக்கு நேரடியாகப் பதிவு செய்வது நல்லது என்பது இதனால்தான்.

கதவைச் சோதிக்கும் வரிசை இது. முதலில் வெளியில் நின்று நிலைச்சட்டத்தைப் பாருங்கள். பூட்டுக்கு நேரே மரம் நசுங்கியிருக்கிறதா, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருக்கிறதா, கூடுதலாக இரும்புத் தகடு அடித்திருக்கிறதா? ஒரு முறை உடைக்கப்பட்ட கதவு என்று அர்த்தம். தகடு தடிமனாக, சட்டத்தோடு சேர்த்து அடிக்கப்பட்டிருந்தால் முன்பைவிடப் பலமாகியிருக்கலாம். வெறும் பெயின்ட் என்றால் வேண்டாம்.

உள்ளே வந்து டெட்போல்ட்டை, அதாவது உள்ளிருந்து திருகிப் போடும் தனிப் பூட்டை, போடுங்கள். கதவைத் திறந்துவைத்தே ஒருமுறை போட்டால், நாக்கு எவ்வளவு வெளியே வருகிறது என்று தெரியும். ஒரு அங்குலம் வர வேண்டும். பிறகு கதவை மூடிப் போட்டு, கைப்பிடியைப் பிடித்து இழுத்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் நாக்கு குழிக்குள் முழுதாக இறங்கவில்லை. மலிவு மோட்டல்களில் மிகச் சாதாரணமான குறை இது: கட்டிடம் இறங்கி, கதவு தொங்கி, நாக்கும் குழியும் நேருக்கு நேர் வராமல் போயிருக்கும். பூட்டின் திருகுபிடி முழுதாகத் திரும்பாது. திரும்பின மாதிரி ஒரு பாவனை காட்டும். நாக்கு இறங்கும் தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் மூன்று அங்குலம் இருந்தால்தான் நிலைச்சட்டத்தைத் தாண்டிச் சுவரின் கட்டை வரை போகும். முக்கால் அங்குல ஸ்க்ரூ என்றால் ஒரே உதையில் தகடு பிய்ந்து வரும். தலையைப் பார்த்து நீளம் தெரியாதுதான்; ஆனால் ஸ்க்ரூ ஆடினாலோ ஒன்று குறைந்தாலோ சந்தேகமே வேண்டாம். சங்கிலி, யு வடிவக் கொண்டி இரண்டும் கதவைக் கொஞ்சம் திறந்து பேசுவதற்குத்தான். தோள் கொடுத்து இடித்தால் தாங்காது.

மின்னணுப் பூட்டு என்றால் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. 2012-ல் கோடி பிரோசியஸ் என்பவர், லட்சக்கணக்கான அறைகளில் இருந்த ஓனிட்டி பூட்டை, அதன் அடியில் உள்ள சிறு துளை வழியாக மலிவான கருவியால் திறந்து காட்டினார். 2024 மார்ச்சில் சாஃப்லாக் பூட்டுகளில் இன்னொரு ஓட்டை வெளியானது: 131 நாடுகளில் சுமார் 30 லட்சம் கதவுகள். அதில் போலி அட்டை டெட்போல்ட்டையும் சேர்த்தே பின்னுக்கு இழுத்துவிடும். நிறுவனங்கள் சரிசெய்யும் பாகங்களைக் கொடுத்தன. மாற்றுவது மோட்டல் முதலாளியின் செலவு. 55 டாலர் அறையில் அது எப்போது நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். இரும்புச் சாவி கொடுக்கும் பழைய இடங்களில் கதை வேறு. அந்தச் சாவிக்கு எத்தனை நகல் ஊரில் சுற்றுகிறது என்று முதலாளிக்கே தெரியாது.

ஆகவே வெளியிலிருந்து எந்தச் சாவியாலும் தொட முடியாத ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். 15 முதல் 20 டாலருக்குக் கிடைக்கும் கையடக்கப் பூட்டு: உலோக நாக்கை நிலைச்சட்டத்துத் தகட்டின் குழியில் வைத்து, கதவை மூடி, மேலே குறுக்குத் துண்டைச் செருகினால் முடிந்தது. உள்பக்கமாகத் திறக்கும் கதவுக்கு மட்டுமே உதவும். மோட்டல் கதவுகள் பெரும்பாலும் அப்படித்தான். நிலைக்கும் கதவுக்கும் இடைவெளி ரொம்பக் குறுகலாக இருந்தால் நாக்கு உள்ளே போகாது. அதற்குத் துணையாக அலாரம் வைத்த ஆப்பு ஒன்று. கதவு அழுத்தினால் 120 டெசிபல் வரை அலறும். தடித்த கார்பெட்டில் ஆப்பு வழுக்கிப் பின்னால் போகும். டைல்ஸில் அடியில் ரப்பர் இருந்தால் நிற்கும்.

மீதி வேலைக்குக் குளியலறைத் துண்டுகள் போதும். கதவின் கீழ் இடைவெளியில் ஒரு துண்டைச் சுருட்டித் திணியுங்கள். கம்பியைக் கீழே விட்டு உள்கைப்பிடியை இழுக்கும் வித்தை அதோடு முடிந்தது. யு கொண்டியின் நடுவே ஒரு சிறு துண்டை முறுக்கிக் கட்டினால் வெளியிலிருந்து அதை மடக்க முடியாது. கதவில் உள்ள குட்டி லென்ஸில் டிஷ்யூ காகிதத்தை அடைத்துவிடுங்கள். சில அறைகளில் லென்ஸையே யாரோ பிடுங்கியிருப்பார்கள்.

பக்கத்து அறைக்குப் போகும் இணைப்புக் கதவு இருந்தால், உங்கள் பக்கத்துத் தாழ்ப்பாள் முழுதாக விழுகிறதா என்று பார்த்து, பெரிய சூட்கேஸை அதற்கு எதிரே சாய்த்துவைக்கவும். முடிந்தால் அந்த அறையையே வேண்டாம் என்று சொல்லுங்கள். சறுக்கு ஜன்னலுக்கு அதன் தடத்தில் ஒரு குச்சி. 1974-ல் நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்பரியில் பாடகி கானி பிரான்சிஸ் தங்கியிருந்த மோட்டல் அறைக்குள் ஒருவன் சறுக்குக் கண்ணாடிக் கதவு வழியாகத்தான் வந்து அவரைத் தாக்கினான். பூட்டு சரியில்லை. அவர் வழக்குப் போட்டு வென்றார்; பாடகிக்கு நடுவர் குழு 25 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அறைப் பூட்டுகளை இந்தத் தொழில் தீவிரமாக எடுத்துக்கொண்டதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

மூன்றாம் நாள்: கிங்மன் – கேலப், சுமார் 330 மைல்

பாலைவனம் முடிந்து ஃபிளாக்ஸ்டாஃப் வந்தால் 7,000 அடி உயரம், பைன் காடு, சில சமயம் பனி. ஹோல்புரூக்கில் கூம்புக் கூடார வடிவ சிமென்ட் அறைகள் கொண்ட விக்வாம் மோட்டல் இருக்கிறது, 1950-ல் கட்டியது. படம் எடுக்க நிறுத்தலாம். கேலப் வரும்போது இருட்டிவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

கேலப் 6,500 அடி. நவம்பர் இரவில் தண்ணீர் உறையும். இங்கே திருடனைவிட ஹீட்டரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். ஜன்னலுக்குக் கீழே சுவரில் பதித்த ஏசி-ஹீட்டர் பெட்டி மின்சாரத்தில் ஓடுவது. திரைச்சீலையோ படுக்கை விரிப்போ அதன்மேல் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். முதல் ஐந்து நிமிடம் தூசி கருகும் வாடை வரும், சகஜம். பத்து நிமிடம் தாண்டியும் பிளாஸ்டிக் கருகும் வாடை இருந்தால் அணைத்துவிட்டு அறை மாற்றுங்கள். பிளக் பாயின்ட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை இருந்தாலும் அதே.

பழைய மோட்டல்கள் சிலவற்றில் சுவரில் கேஸ் ஹீட்டர் இருக்கும். சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக ஆடினால், ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தால், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கலாம். மணம் கிடையாது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. ஆறு மணி நேரம் கார் ஓட்டிய களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். 2013-ல் வட கரோலினாவின் பூன் நகர ஹோட்டல் ஒன்றில், நீச்சல் குளத்து ஹீட்டரிலிருந்து கசிந்த இந்த வாயுவால் ஏப்ரலில் ஒரு வயதான தம்பதியும், ஜூனில் அதே அறையில் ஒரு சிறுவனும் இறந்தார்கள். முதல் சாவுக்கே காரணத்தைத் தேடியிருந்தால் இரண்டாவது நடந்திருக்காது. 20, 30 டாலருக்குப் பேட்டரியில் ஓடும் சிறு அலாரம் கிடைக்கும். கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வையுங்கள்.

கூரையில் ஸ்மோக் டிடெக்டர் இருக்கிறதா, இல்லை வெறும் தட்டு மட்டும் இருக்கிறதா? அறைக்குள் புகைப்பவர்கள் அதை ஷவர் தொப்பியால் மூடிவிட்டுப் போவதுண்டு. பட்டனை அழுத்திச் சத்தம் வருகிறதா பாருங்கள். 1990-ம் ஆண்டின் ஹோட்டல் மோட்டல் தீப் பாதுகாப்புச் சட்டம் மத்திய அரசு ஊழியர்கள் தங்கும் இடங்களைப் பற்றியது. தண்ணீர் தெளிக்கும் குழாய் அமைப்பை அது நான்கு மாடியும் அதற்கு மேலும் உள்ள கட்டிடங்களுக்குத்தான் கேட்கிறது. நாம் பேசும் இரண்டு மாடி மோட்டல்கள் அதற்குள் வராது. வெளியேற ஒரே கதவு, ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் பெயின்ட் ஒட்டித் திறக்காமல் போயிருந்தால் அந்த அறை வேண்டாம்.

நான்காம் நாள்: கேலப் – டுக்கும்காரி, சுமார் 315 மைல்

ஆல்புகர்க்கி தாண்டியதும் சமவெளி. ஒரு காலத்தில் வழி நெடுக 'இன்றிரவு டுக்கும்காரி! 2000 மோட்டல் அறைகள்' என்று பலகைகள் இருந்தன. ஐ-40 ஊரை ஒதுக்கிக்கொண்டு போன பிறகு, 1985-ல் ரூட் 66 அதிகாரபூர்வமாகவே நீக்கப்பட்டது. 1939-ல் கட்டிய புளூ ஸ்வாலோ போன்ற சிலவற்றை ஆசையோடு பராமரிக்கிறார்கள். அறைக்குப் பக்கத்திலேயே கார் கொட்டகை, நியான் பலகை என்று அழகாக இருக்கும், மலிவு கிடையாது. மற்றவை ஒவ்வொன்றாகக் கைமாறின. போகிற வருகிற ஆள் குறைந்ததும் வார வாடகை, மாத வாடகை. அதில் வருவதை வைத்துப் பூட்டு மாற்ற முடியாது. பூட்டு மாற்றாத இடத்துக்குப் பயணி வரமாட்டார். மோட்டல் சீரழிவது பெரும்பாலும் இப்படித்தான்.

பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இந்தச் சாலையில் இன்னொரு பழைய கணக்கும் உண்டு. கறுப்பினத்தவருக்கு அறை தராத மோட்டல்களே அன்று அதிகம். விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936 முதல் வெளியிட்ட வழிகாட்டி, அவர்களை ஏற்கும் இடங்களைப் பட்டியல் போட்டது.

இன்று கவுண்டருக்குப் பின்னால் பெரும்பாலும் குஜராத்திகள். ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்கம் 1989-ல் தொடங்கியது. அமெரிக்க ஹோட்டல்களில் சுமார் 60 சதவீதம் அதன் உறுப்பினர்கள் கையில். முதலாளி குடும்பம் கவுண்டருக்குப் பின்னாலேயே குடியிருந்தால் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம். பெயர்ப்பலகை பெரிய நிறுவனத்தினுடையதாகவும், முதலாளி வேறு மாநிலத்திலும், இரவில் ஒரே ஒரு ஆளும் என்றால் அதைவிடக் குடும்ப மோட்டல் எவ்வளவோ மேல்.

பணம் கட்டும்போது டெபிட் கார்டு கொடுக்காதீர்கள். 50 முதல் 100 டாலர் முன்பணமாக நிறுத்திவைப்பார்கள். வங்கிக்குத் திரும்ப வரச் சில நாள் ஆகும். மாணவர் கணக்கில் அந்தத் தொகையே அடுத்த ஊர் பெட்ரோல் காசு. நள்ளிரவில் அறைக்கு போன் வந்து, 'ரிசப்ஷனிலிருந்து பேசுகிறோம், கார்டு எண்ணை மறுபடி சொல்லுங்கள்' என்றால் வைத்துவிட்டு நேரில் போங்கள். வெளியிலிருந்து யாரோ ஏதோ ஒரு அறை எண்ணைக் கேட்டு இணைப்பு வாங்கிப் பேசுவது அது. கதவுக்கடியில் வரும் பீட்சா விளம்பரத் தாளும் அப்படியே. பீட்சா வராது, கார்டு எண் மட்டும் போகும்.

மூட்டைப்பூச்சிக்கு ஐந்து நிமிடம். அதுவரை பெட்டி குளியல் தொட்டியில் இருக்கட்டும். தலைமாட்டுப் பக்கம் விரிப்பை உருவி, மெத்தையின் தையல் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் புள்ளி, உரிந்த மேல்தோல், ஆப்பிள் விதை அளவில் பழுப்புப் பூச்சி. சுவரில் மாட்டிய தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம் முக்கியமான ஒளிவிடம். பூச்சி தாவாது, பறக்காது, ஊர்ந்துதான் வரும். இருந்தால் பக்கத்து அறை வேண்டாம், மேல் கீழ் அறையும் வேண்டாம். கட்டிடத்தின் வேறு கோடியில் கேளுங்கள்.

ஐந்தாம் நாள்: டுக்கும்காரி – அமரில்லோ, 113 மைல்

குறைந்த தூரம். எல்லையில் கிளென்ரியோ என்ற ஆளில்லாத ஊர். டெக்சாஸில் நுழைந்ததும் இன்னொரு மணி நேரம் போகும். அமரில்லோவுக்கு முன்னால் கெடிலாக் ரேஞ்ச், 1974-ல் மண்ணில் மூக்குக் குத்தி நட்ட பத்து கார்கள்.

கார் திருட்டு பற்றி இங்கே எழுதுவதற்குக் காரணம், மாநிலம் மாறும் நம்மவர்கள் மொத்தக் குடித்தனத்தையும் காருக்குள் அடைத்துக்கொண்டு இதே வழியில் போகிறார்கள். பின் சீட்டில் போர்வை போட்டு மூடியிருந்தால், போர்வைக்குக் கீழே ஏதோ இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். பாஸ்போர்ட், விசாவுக்கான ஐ-20 அல்லது ஐ-797 தாள், சான்றிதழ்கள், லேப்டாப், நகை: இவை ஒரே பையில், எப்போதும் அறைக்குள். டிக்கியில் வைக்க வேண்டியதை மோட்டல் வாசலில் வைக்காமல், முந்தைய பெட்ரோல் பங்கிலேயே மாற்றிவைத்துவிட்டு வாருங்கள். வாடகை ட்ரெய்லர் இழுத்து வந்தால், பின்கதவு சுவரை ஒட்டும்படி ரிவர்ஸில் நிறுத்துங்கள். பூட்டை அறுத்தாலும் கதவு திறக்காது. கொக்கிக்குத் தனிப் பூட்டு இல்லாவிட்டால் ட்ரெய்லரையே கழற்றி இழுத்துப் போய்விடலாம்.

அறை போனை எடுத்து டயல் டோன் வருகிறதா பாருங்கள். 2013-ல் டெக்சாஸின் மார்ஷல் ஊர் மோட்டல் அறையில் காரி ஹன்ட் என்ற பெண் கொல்லப்பட்டபோது, அவருடைய ஒன்பது வயது மகள் அவசர உதவி எண்ணான 911-ஐ நான்கு முறை அழைத்தாள். வெளி இணைப்புக்கு முன்னால் 9 அழுத்த வேண்டும் என்பது குழந்தைக்குத் தெரியவில்லை. 'காரி சட்டம்' 2018-ல் கையெழுத்தானது. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு நிறுவப்படும் போன் அமைப்புகளில் 911 நேராகப் போக வேண்டும். பழைய எக்ஸ்சேஞ்ச் வைத்திருக்கும் மோட்டலை அந்தத் தேதி கட்டாயப்படுத்தாது. போனின் முகப்பில் ஒட்டியிருக்கும் அட்டையைப் படியுங்கள். செல்போனில் அழைப்பதானால் மோட்டலின் தெரு முகவரி, அறை எண், எந்த மாடி: மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி கட்டில் மேசையில் வையுங்கள். பதற்றத்தில் தெரு எண் நினைவுக்கு வராது. 911-ல் முதலில் கேட்பது அதைத்தான்.

இரவில் யாராவது கதவைத் தட்டினால் திறக்காமல் பேசுங்கள். 'ரிப்பேருக்கு வந்திருக்கிறேன்' என்றால் கவுண்டருக்கு போன் போட்டு உறுதி செய்த பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைக்க வேண்டும். பக்கத்து அறைச் சண்டையில் தலையிடப் போகாதீர்கள், 911-ஐக் கூப்பிடுங்கள்.

அறையே சரிப்படவில்லை, ஊரில் வேறு அறையும் இல்லை என்றால் டெக்சாஸில் ஒரு வழி உண்டு: நெடுஞ்சாலை ஓய்விடங்களில் 24 மணி நேரம் வரை காரோடு தங்கலாம். லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் நிலையங்களில் காசு கட்டிக் குளிக்கவும் இடம் உண்டு. விளக்கும் ஆள் நடமாட்டமும் இரவு முழுக்க இருக்கும்.

காலையில் காலி செய்யும்போது சாவியைக் கவுண்டரில் கொடுத்து, முன்பணம் விடுவிக்கப்பட்டது என்று அச்சிட்ட ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். போய்ச் சேரும் வீட்டில் துணிகளைப் பிரித்து அலமாரியில் வைப்பதற்கு முன், துவைக்காவிட்டாலும் பரவாயில்லை, டிரையரில் அதிகச் சூட்டில் 30 நிமிடம் ஓடவிடுங்கள். டிரையர் நிறைய அடைத்தால் நடுவில் இருப்பது சூடேறாது. பாதி அளவுக்குப் போட்டு இரண்டு தடவையாக ஓட்டவும்.